இடுப்பெலும்பில் ஒரு ரைஃபிள்

2012 ஜூலை 30, லண்டன் ஒலிம்பிக்ஸ். ஆண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றில் ஆளுக்குப் பத்து ஷாட். ஹைதராபாத்தின் ககன் நாரங் ஏழாவதில் 9.9, எட்டாவதில் 9.5 என்று அடுத்தடுத்து இரண்டு முறை பத்துக்குக் கீழே இறங்கினார். பிறகு 10.3. கடைசி ஷாட் 10.7. தகுதிச் சுற்றின் 598-உடன் இறுதிச் சுற்றின் 103.1 சேர்ந்து 701.1 ஆனது. வெண்கலம் கிடைத்தது.

அன்றைய மதிப்பெண் பட்டியலை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தங்கம் வென்ற ருமேனியாவின் ஆலின் மோல்டொவேயானுவும் இறுதிச் சுற்றில் எடுத்தது அதே 103.1தான். தகுதிச் சுற்றில் அவருக்கு 599. அறுபது ஷாட்களில் அவர் ஒரு புள்ளியை இழந்தார், நாரங் இரண்டை. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவே நின்றது அந்த ஒரு புள்ளி மட்டும்தான். உடம்பின் எந்த மூலையிலிருந்து அப்படி ஒரு புள்ளி கசிகிறது?

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். ஏர் ரைஃபிள் இலக்கு அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. சுடும் பெல்லட்டின் விட்டமோ 4.5 மி.மீ. அதாவது குறியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு அகலம். பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதற்குள்ளும் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு தசமம் கூடிக்கொண்டே போய் 10.9 வரை செல்லும். நாரங்கின் 9.5 மையத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை மி.மீ. தள்ளி விழுந்தது. 10.7 முக்கால் மி.மீ.க்குள் விழுந்தது.

இதே கணக்கைத் துப்பாக்கியின் பக்கமிருந்து போட்டால்தான் கடினம் புரியும். பின்பக்கக் குறித்துளைக்கும் முன்பக்க வளையத்துக்கும் இடையே ஏறத்தாழ 80 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து மீட்டரில் 2.5 மி.மீ. விலகலுக்கு, முன்வளையம் 0.2 மி.மீ. நகர்ந்தால் போதும். இரண்டு தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான் இருக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் நிற்க வேண்டும்.

ஆனால் இதே வடிவியல் ஒரு சலுகையும் தருகிறது. ரைஃபிள் முழுவதும், திசை மாறாமல், பக்கவாட்டில் 2 மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் 2 மி.மீ. மட்டுமே நகரும்; அது இன்னும் பத்துதான். குழலின் ஒரு முனை மட்டும் நகர்ந்து கோணம் மாறும்போதுதான் பிழை பெருகுகிறது. ஆகவே சுடுபவர் ஒட்டுமொத்தமாக மெல்ல ஆடலாம். ரைஃபிள் அவருடைய உடம்போடு சேர்ந்து ஒரே துண்டாக ஆட வேண்டும். உடம்பு ஒரு பக்கமும் குழல் ஒரு பக்கமும் போகக் கூடாது. ரேஞ்சில் கற்றுத்தரும் நிலைகள், தாங்கல்கள், பட்டைகள் எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை.

ஆடாமல் நிற்பது உயிருள்ள உடம்புக்கு முடியாத காரியம். கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். விரல்நுனி விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை நடுங்கும். நோயில்லாத, பயமில்லாத எல்லா மனிதர்களுக்கும் இது உண்டு. தசை ஒரே சீராக இழுப்பதில்லை; அதன் நார்க்கூட்டங்கள் மாறி மாறித் துடித்துத்தான் இழுவிசையை உண்டாக்குகின்றன. எவ்வளவு அதிகமாக இழுக்கிறதோ அவ்வளவு அதிகமாக அந்த விசை ஏறி இறங்கும். இதற்கு மேல் இதயம் வேறு. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் ரத்தத்தை அது உந்தித் தள்ள, உடம்பு எதிர்த்திசையில் நுண்ணளவு பின்வாங்குகிறது. மூச்சு மார்பை ஏற்றி இறக்குகிறது. கணுக்கால்கள் உடம்பு விழாதிருக்க முன்னும் பின்னும் திருத்திக்கொண்டே இருக்கின்றன.

புதிதாக வரும் பிள்ளைகள் அனைவரும் செய்வது ஒன்றுதான்: ரைஃபிளை இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்க இறுக்க நடுக்கம் கூடும். கூடக்கூட இன்னும் இறுக்குவார்கள். நல்ல கோச் முதலில் உடைக்க வேண்டியது இந்தச் சுழலை.

எலும்பு நடுங்காது. அது களைப்படைவதும் இல்லை. எடையைத் தசையிலிருந்து எடுத்து எலும்பின் மேல் வைத்துவிட்டால், தசைக்கு மிச்சமிருப்பது சின்னச் சின்னத் திருத்தம் மட்டும். ஸ்டாண்டிங் என்னும் நின்று சுடும் நிலையின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கும். ஏர் ரைஃபிள் போட்டியில் அந்த ஒரு நிலைதான் உண்டு. ஸ்லிங் என்னும் பட்டை கிடையாது, ஊன்றுகோல் கிடையாது, தரையில் பாதம் இரண்டு மட்டும்.

வலக்கைக்காரர் இலக்குக்குப் பக்கவாட்டில், கால்களைத் தோளகலம் விரித்து நிற்கிறார். இடது இடுப்பை இலக்கின் பக்கமாகத் தள்ளுகிறார். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றுகிறார். கிணற்றிலிருந்து குடத்தை இடுப்பில் சுமந்து வரும் பெண் இடுப்பை ஒருபுறம் தள்ளி, அந்த எலும்பு விளிம்பில் குடத்தை உட்கார வைப்பாளே, அதே இடம்தான். முழங்கையிலிருந்து மேலே முன்கை எலும்புகள் செங்குத்தாக எழுகின்றன. அவற்றின் உச்சியில் முஷ்டியோ விரித்த உள்ளங்கையோ ரைஃபிளின் முன்கட்டையைத் தாங்குகிறது. ரைஃபிளின் எடை கையெலும்பு, இடுப்பு, இடது கால் வழியாக நேராகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. இடது கை பிடிப்பதே இல்லை. அது ஒரு தூண்.

ஆனால் ஐந்து கிலோ எடை உடம்பின் ஒரு பக்கம் சேர்ந்தால் ஈர்ப்பு மையம் நகருமே. கணக்குப் போடலாம். 60 கிலோ எடையுள்ளவர், 5 கிலோ ரைஃபிள், அதன் ஈர்ப்பு மையம் அவருடைய நடுக்கோட்டிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், இரண்டின் கூட்டு மையம் ஏறத்தாழ 2 செ.மீ. விலகும். அதைச் சரிக்கட்ட மேலுடம்பு பின்னோக்கியும் வலப்பக்கமும் சாய்கிறது. ரேஞ்சில் ஸ்டாண்டிங் சுடுபவர்களைப் பார்த்தால் முதுகு வளைந்து, கூனல் திரும்பி வைத்தது போலத் தோன்றுவது இதனால்தான். அந்த வளைவில் முதுகுத் தசையும் இழுத்துப் பிடிப்பதில்லை. முதுகெலும்பு மூட்டுகளும் அவற்றைப் பிணைக்கும் நார்களும் தங்கள் எல்லை வரை போய்ப் பூட்டிக்கொள்கின்றன. இதற்கு ஒரு விலை உண்டு. வருடக்கணக்கில் ஒரே பக்கம் வளைந்து நிற்கும் முதுகு வலியெடுக்கும். ரைஃபிள் வீரர்களுக்கு வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் தனியாக உடற்பயிற்சி கொடுப்பது அலங்காரத்துக்காக இல்லை.

நாரங் 1983-ல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். 1997-ல் அப்பா வாங்கித் தந்த ஏர் பிஸ்டலை வைத்துக்கொண்டு பேகம்பேட்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் சுடத் தொடங்கினார். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ரேஞ்ச் பின்னாளில் அவருடைய பயிற்சிக் களமாயிற்று. 2003 அக்டோபரில் அதே ஊரில் ஆப்ரோ-ஆசிய விளையாட்டுகள் நடந்தபோது ஏர் ரைஃபிளில் தங்கம் எடுத்தார். அடுத்து ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் 12-ஆம் இடம். பெய்ஜிங்கில் 595 எடுத்தும், சமநிலையில் இருந்தவர்களைப் பிரித்தெடுத்த விதியால் இறுதிச் சுற்றை இழந்தார். லண்டன் அவருடைய மூன்றாவது ஒலிம்பிக்ஸ். ஒரு ஸ்டாண்டிங் நிலை உடம்பில் ஊறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு இந்த ஆண்டுகளே சான்று.

ஐம்பது மீட்டர் ரைஃபிளில் மூன்று நிலைகள். புரோன் என்னும் குப்புறப் படுத்த நிலைதான் எல்லாவற்றிலும் திடமானது: இரண்டு முழங்கைகளும் மார்பும் வயிறும் கால்களும் தரையில். இங்கே ஸ்லிங் வருகிறது. இடது மேற்கையில் மாட்டிய பட்டை ரைஃபிளின் அடியில் கையைத் தடுத்து நிறுத்தும் குமிழ் வரை இழுபட்டு, மேற்கை, முன்கை, பட்டை மூன்றும் ஒரு முக்கோணமாகின்றன. எடையைப் பட்டையே தாங்குவதால் இடது கைவிரல்கள் தளர்ந்து கிடக்கலாம். முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் எல்லாரும் தரையோடு தரையாகப் பதிந்து, சுடுதல் எளிதாகிவிடும். ஸ்லிங்குக்கும் ஒரு குறை உண்டு. மேற்கையின் உட்புறம் ஓடும் தமனியின் மேல் பட்டை அழுந்தினால், நாடித்துடிப்பு பட்டை வழியாக ரைஃபிளுக்கு ஏறி, முன்வளையம் இதயத்தோடு சேர்ந்து துள்ளும். பட்டையை மேற்கையின் வெளிப்புறத்துக்குத் திருப்பியும், ஜாக்கெட்டுக்குள் தடித்த ஸ்வெட்டர் போட்டும் இதைத் தணிக்கிறார்கள்.

நீலிங் என்னும் மண்டியிட்ட நிலை இரண்டுக்கும் நடுவே. வலது கணுக்காலுக்கு அடியில் உருளைத் தலையணை ஒன்று, குதிகாலின் மேல் உட்கார்ந்த உடம்பு, இடது முழங்காலின் மேல் இடது கை. முழங்கையின் கூர்நுனியை முழங்கால் சிப்பியின் மேல் வைத்தால் இரண்டு உருண்டைகள் ஒன்றன் மேல் ஒன்று நிற்பது போல வழுக்கும். அதனால் முழங்கைக்குச் சற்று மேலுள்ள தட்டையான சதையை முழங்காலில் பதிக்கிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளோடு ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். இறுதிச் சுற்றில் நீலிங்கிலும் புரோனிலும் முதல் மூவருக்குள் இல்லாதவர், கடைசியில் வந்த ஸ்டாண்டிங்கில் மேலே ஏறினார். எனக்கு இது வியப்பாக இல்லை. தாங்கல் நிறைய இருக்கும் நிலைகளில் எல்லாரும் நன்றாகச் சுடுவார்கள், புள்ளிகள் நெருங்கி நிற்கும். தாங்கல் குறையும் நிலையில்தான் ஆள் ஆளாகப் பிரிவார்கள்.

இனி, நிலைகளைவிட முக்கியமான விஷயம் ஒன்று. என் கருத்தில் ரைஃபிள் சுடுதலின் இதயம் இதுதான், ஆனால் பார்வையாளருக்குக் கண்ணில் படவே படாது. சுடுபவர் நிலைக்கு வந்து, குறிபார்த்து, கண்ணை மூடுகிறார். இரண்டு மூன்று மூச்சு விடுகிறார். உடம்பு தானாகத் தளர்ந்து அமர்கிறது. கண்ணைத் திறக்கிறார். முன்வளையம் இலக்கின் கறுப்பு வட்டத்தில் நிற்கிறதா? நின்றால் சுடலாம். சற்று இடப்பக்கம் விலகி நின்றால், கையால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. பாதத்தை நகர்த்த வேண்டும். புரோன் என்றால் இடுப்பை நகர்த்த வேண்டும். தளர்ந்த உடம்பு தானாகக் காட்டும் இடத்தை இலக்கின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

காரணம் எளிது. கையால் இரண்டு மி.மீ. தள்ளிப் பிடித்தால், அந்தத் தள்ளலைத் தாங்க ஒரு தசை வேலை செய்துகொண்டே இருக்கும். டிரிகர் விடுபடும் நொடியில் அந்தத் தசை சற்றே தளரும், குழல் பழைய இடத்துக்குத் திரும்பும், பெல்லட் அந்த வழியில் போய்விடும். சுட்டவர் “நடுவில்தான் பார்த்தேன்” என்று சத்தியம் செய்வார். அவர் பார்த்ததும் உண்மை. களைப்பு கூடக்கூட, அறுபது ஷாட்களின் பிற்பாதியில், இந்தப் பிழை தலையெடுக்கும்.

சாய்வும் இப்படித்தான். பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 விநாடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 17 மி.மீ. கீழே இறக்கிவிடும். இதற்கு ஈடாகக் குழல் பார்வைக்கோட்டைவிடச் சற்று மேல்நோக்கி இருக்குமாறு குறிச்சாதனத்தைத் திருத்தி வைத்திருப்பார்கள். ரைஃபிளை 5 பாகை பக்கவாட்டில் சாய்த்தால், அந்த 17 மி.மீ. ஈடு செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து செயல்பட்டு, பெல்லட்டை ஒன்றரை மி.மீ. ஓரம் தள்ளும். அரைப் புள்ளிக்கு மேல் போயிற்று. எப்போதும் ஒரே அளவு சாய்த்துச் சுடுபவருக்குக் கவலையில்லை, குறியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். ஒருமுறை 3 பாகை, மறுமுறை 6 பாகை என்று மாறினால்தான் கெடுதல். தாங்கல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஷாட்டிலும் அதே தாங்கலாக இருக்க வேண்டும்.

மேசைமேல் மணல்மூட்டை வைத்து அதன் மேல் ரைஃபிளைச் சாய்த்துச் சுடுவதைச் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. தவறு. குறிச்சாதனத்தைச் சீராக்கவும், புதியவருக்கு டிரிகரை மட்டும் தனியாகக் கற்றுத்தரவும் அதைவிட நல்ல வழியில்லை. நடுக்கத்தோடும் டிரிகரோடும் ஒரே நாளில் மல்லுக்கட்டும் குழந்தை இரண்டையும் கற்காது. மூட்டை முன்கட்டையின் அடியில் இருக்க வேண்டும், குழலுக்கு அடியில் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சுடும்போது குழல் அதிரும். அதைத் தொட்டுக்கொண்டு ஏதாவது இருந்தால் அதிர்வு மாறி, குறி மாறிவிடும். கடினமான பலகையின் மேல் நேராக வைப்பதும் இதனாலேயே ஆகாது.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வெளியேற்றிய பின் இயல்பாக வரும் இடைவெளியை நீட்டி, அதற்குள் சுட வேண்டும். பத்து விநாடிக்குள் ஷாட் வராவிட்டால் ரைஃபிளை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. அதற்கு மேல் பிடித்தால் பார்வை மங்கும், தசை பதறும். இறக்கி வைக்கும் துணிவு பயிற்சியால் வருவது.

இதயத்தைப் பற்றி 1987-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் சுவையான ஒன்றைக் கண்டார்கள். தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் இதயம் தளர்ந்து ரத்தம் நிரம்பும் இடைவேளையில் டிரிகரை இழுத்தார்கள். புதியவர்கள் துடிப்பிலும் இடைவேளையிலும் கண்டபடி இழுத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இதயத்தை மெதுவாக்கினால் ஆதாயம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இந்த விளையாட்டில் போட்டி நாளில் மட்டுமின்றி எப்போதும் தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங்கில் வடகொரியாவின் கிம் ஜாங் சு இரண்டு பிஸ்டல் பதக்கங்களை அந்த மருந்தால் இழந்தார்.

டிரிகர் மிக மென்மையானது, சில பத்து கிராம் அழுத்தம் போதும். அழுத்தியதற்கும் பெல்லட் குழலைவிட்டு வெளியேறுவதற்கும் இடையே சில மில்லி விநாடிகள். அதற்குள் தோளைத் தளர்த்தாமல், தலையைத் தூக்காமல், ஷாட் போன பிறகும் ஓரிரு விநாடி அப்படியே குறிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எலும்பின் மேல் எடையை வைப்பது அனுமதி என்றால், ஜாக்கெட்டின் மேல் வைத்தால் என்ன? விதிப்புத்தகத்துக்கும் வீரர்களுக்கும் இழுபறி நடப்பது இங்கேதான். தடித்த கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட் முதுகைத் தாங்கும், நாடித்துடிப்பை வடிகட்டும். விட்டால் அது ஒரு கவசமாகவே ஆகிவிடும். ஆகவே ஒற்றை மடிப்பில் 2.5 மி.மீ.க்கு மேல் தடிமன் கூடாது. விறைப்பையும் அளக்கிறார்கள்: 60 மி.மீ. வளையத்தின் மேல் துணியை வைத்து ஒரு கிலோ எடையால் அழுத்தினால் 3 மி.மீ. ஆவது அது அமுங்க வேண்டும். அமுங்காத ஜாக்கெட் போட்டிக்கு உதவாது.

தாங்கல் வேறு, திறமை வேறு என்பதற்குத் தெளிவான சான்று பாரா ஷூட்டிங். கையால் ரைஃபிளின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கான எஸ்.எச்.2 பிரிவில், ரைஃபிள் ஒரு சுருள்வில் தாங்கியின் மேல் அமர்கிறது. வில் எடையை எடுத்துக்கொள்கிறது, ஆனால் நிலைநிறுத்தித் தருவதில்லை. குழல் அலைந்தபடியே இருக்கும். கர்நாடகத்தின் ஸ்ரீஹர்ஷா தேவரட்டி இந்தப் பிரிவில் 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் இந்தியாவுக்காகச் சுட்டார். எஸ்.எச்.1 பிரிவில் சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடும் அவனி லேகராவுக்கு அந்த வில்லும் கிடையாது. ஸ்டாண்டிங் போட்டியில் மேசையிலோ நாற்காலியிலோ முழங்கையை ஊன்றவும் கூடாது. பாரிஸ் இறுதிச் சுற்றின் கடைசி ஷாட்டுக்கு முன் தென்கொரியாவின் லீ யுன்ரி 0.8 புள்ளி முன்னிலையில் இருந்தார். அந்த ஷாட்டில் லீ 6.8 எடுத்தார், அவனி 10.5. மொத்தம் 249.7, தங்கம். டோக்கியோவில் அவர் எடுத்தது 249.6. மூன்று ஆண்டு இடைவெளியில் 24 ஷாட்களின் கூட்டுத்தொகை ஒரே ஒரு தசமம்தான் நகர்ந்திருக்கிறது.

ஹைதராபாத்திலும் சென்னையிலும் கோவையிலும் பிள்ளைகளை ரேஞ்சில் சேர்க்க வரும் பெற்றோர் முதல் வாரமே எந்த ரைஃபிள், எந்த ஜாக்கெட் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் சில மாதங்கள் கிளப்பின் ரைஃபிளே போதும். உங்கள் குழந்தையின் முழங்கை இடுப்பெலும்பில் உட்காருகிறதா, அடிக்கட்டையின் நீளம் அதன் கைக்குப் பொருந்துகிறதா, கண்ணை மூடித் திறந்து சரிபார்க்கக் கற்றுத்தருகிறார்களா என்று கோச்சிடம் கேளுங்கள். வளரும் உடம்புக்கு வாங்கும் ஜாக்கெட் ஓராண்டில் சிறிதாகிவிடும். அந்தப் பணத்தை இப்போதைக்குப் பெல்லட்டுக்கும் முதுகுக்கான உடற்பயிற்சிக்கும் செலவழியுங்கள்.